அம்பாசிடரில் எலக்ட்ரானிக் இக்னிஷன் போட்ட பிறகு குமுளி மலையில் நிற்கிறது: கிட்டைக் கழற்றும் முன் பார்க்க வேண்டியவை

கேள்வி, மே 11

அண்ணே, என்னோடது 1984 அம்பாசிடர் மார்க் 4, பெட்ரோல். ஸ்பார்க்குக்காகக் கரண்டைத் தொறந்து மூடுற பாயிண்ட், அதோட கண்டென்சர் ரெண்டையும் எடுத்துட்டு எலக்ட்ரானிக் இக்னிஷன் கிட் போட்டேன். கம்பம், கூடலூர், லோயர் கேம்ப் வரைக்கும் தங்கமா ஓடுது. மலை ஏற ஆரம்பிச்சா கொஞ்ச நேரத்துல மிஸ்ஸிங் அடிக்குது, ராட்சதக் குழாய் பக்கம் வர்றதுக்குள்ள ஆஃப் ஆயிடுது. பானெட்டைத் தொறந்து அரை மணி நேரம் ஆற விட்டா ஒண்ணுமே நடக்காத மாதிரி ஸ்டார்ட் ஆகுது. கிட் டூப்ளிகேட், பேசாம பாயிண்டையே மாட்டுன்னு எங்க ஊர்ல எல்லாரும் சொல்றாங்க. மாட்டிடலாமா?

மே 11, இரவு

தம்பி, மாட்டாதீங்க. இன்னும் எதுவும் தெரியாது.

கிட் கெட்டுப் போயிருக்கலாம், இல்லைன்னு சொல்ல மாட்டேன். ஆனால் சூடானால் நிற்பது, ஆறினால் ஓடுவது என்ற இந்த ஒரே நோய் காயிலாலும் (ஸ்பார்க்குக்கான உயர் வோல்ட்டைத் தருவது) வரும், எர்த்தாலும் (கரண்ட் பாடி வழியாகப் பேட்டரிக்குத் திரும்பும் வழி) வரும், சாவி சுவிட்சாலும் வரும், பெட்ரோல் ஆவியாகி ஏசி பம்ப் (எஞ்சினில் இருக்கும் பெட்ரோல் பம்ப்) இழுக்க முடியாமல் போவதாலும் வரும். பாயிண்டை மாட்டினால் வண்டி ஓடவும் கூடும், அதனால் கிட்தான் குற்றவாளி என்று ஆகிவிடாது. பாயிண்ட் பல குறைகளைப் பொறுத்துக்கொண்டு ஓடும், கிட் பொறுக்காது.

முதல் கேள்வி, நின்ற நொடியில் ஸ்பார்க் இல்லையா, பெட்ரோல் இல்லையா? அரை மணி நேரம் ஆற விட்டால் அந்தத் தடயம் போய்விடும். அடுத்த தடவை நின்றதும் கையோடு ஒரு உதிரி பிளக்கை ஒயரில் மாட்டி, பிளக்கின் உடம்பை எஞ்சின் பிளாக்கில் அழுத்தி வைத்து (ரப்பர் பிடி போட்ட இடுக்கியால் பிடிக்கணும், கையால் வேண்டாம்) ஒருத்தரை செல்ப் அடிக்கச் சொல்லுங்க. நீலமாகச் சொடுக்கினால் இக்னிஷனை விட்டுவிடலாம். அப்போது ஏசி பம்ப் மேல் ஈரத்துணி போட்டுப் பாருங்க. ஸ்பார்க்கே இல்லை, அல்லது மஞ்சளாகச் சோர்ந்து வருகிறது என்றால் இங்கே வந்து சொல்லுங்க.

பார்த்து முடித்ததும் சாவியை ஆஃப் செய்துவிடணும். எஞ்சின் ஓடாமல் சாவி ஆனில் கிடந்தால் சில கிட்களில் காயில் வழியாக முழுக் கரண்டும் நின்று ஓடிக்கொண்டே இருக்கும். பாட்டுக் கேட்க சாவியைத் திருப்பி வைத்தே கிட்டைச் சுட்டவர்கள் உண்டு.

மே 12

நான் பேசுவது 1489 சிசி பழைய பெட்ரோல் எஞ்சினைப் பற்றி. 1.8 லிட்டர் இசுசூ எஞ்சின் வைத்த அம்பாசிடர்காரர்கள் இதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம்.

இன்னும் பழைய வண்டி வைத்திருப்பவர்கள் பேட்டரியின் எந்த முனை பாடிக்குப் போகிறது என்று கண்ணால் பார்த்துவிட்டுக் கிட்டைத் தொடுங்க. பாசிட்டிவ் எர்த் வண்டியில் நெகட்டிவ் எர்த் கிட்டை மாட்டினால் அதன் ஆயுள் சாவி திருப்பும் வரைதான்.

மே 14

தம்பி எழுதியிருக்கிறார்: ஸ்பார்க் இல்லை. காயிலின் பிளஸ் முனையில் டெஸ்ட் லேம்ப் எரிகிறது. "அப்ப கிட்தானே அண்ணே?"

இன்னும் இல்லை. அதே லேம்பைக் காயிலின் மைனஸ் முனைக்கும் பாடிக்கும் நடுவில் வைத்து செல்ப் அடிங்க. கிட் சுவிட்ச் செய்துகொண்டிருந்தால் லேம்ப் மினுக்கும். மினுக்காமல் எரிந்தபடியே நின்றால் கிட் காயிலை எர்த்துக்கு இறக்கவே இல்லை. எரியாமலே நின்றால் உள்ளே ஒட்டிக்கொண்டது, அல்லது மைனஸ் ஒயர் எங்கோ பாடியைத் தொடுகிறது. லேம்ப் சின்னதாக இருக்கட்டும், 5 வாட் போதும். ஹெட்லைட் பல்பைத் தூக்கி வைக்காதீங்க.

எரிந்தபடியே நின்றால் அடுத்த வேலை: ஸ்பார்க்கை நாலு பிளக்குக்கும் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டரின் கேப்பைத் திறந்து, உள்ளே கிட் உட்கார்ந்திருக்கும் பிளேட்டிலிருந்து பேட்டரி நெகட்டிவுக்கு நேராக ஒரு ஒயரை இழுத்துப் பிடிங்க. கேப்பை மறுபடி மூடி செல்ப் அடிக்கணும், ஒயர் உள்ளே சுழலும் ரோட்டரில் சிக்காமல் பார்த்துக்கொள்ளணும். ஆற விடாமலே எஞ்சின் உடனே பிடித்துக்கொண்டால் கிட் நல்ல கிட். எர்த்தான் இல்லை.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், என் வண்டி முண்டக்கயத்திலிருந்து குட்டிக்கானம் ஏறும்போது இதே ஆட்டம் ஆடியது. காரணம் ஒரு விரல் நீளம்கூட இல்லாத ஒயர்.

மே 15

அந்த ஒயரைப் பற்றிக் கேட்டு ஆறேழு பேர் எழுதியிருக்கிறீர்கள். விவரமாகச் சொல்கிறேன்.

இந்த லூகாஸ் டிஸ்ட்ரிபியூட்டரில் பிளேட் இரண்டு. கீழ்ப்பிளேட் உடம்போடு திருகியிருக்கும். மேல்பிளேட் அதன் மேல் சுழலும், எஞ்சின் உறிஞ்சுதலால் வேலை செய்யும் வேக்குவம் டப்பா அதை இழுத்து டைமிங்கை (ஸ்பார்க் விழும் நேரத்தை) முன்னே தள்ளும். கிட் உட்காருவது மேல்பிளேட்டில். இரண்டு ஒயர் கிட் என்றால் சிவப்பு காயில் பிளஸ், கறுப்பு காயில் மைனஸ். எர்த்துக்கு என்று மூன்றாவது ஒயர் கிடையாது. எர்த் மேல்பிளேட் வழியாக, அங்கிருந்து துணி சுற்றிய ஒரு குட்டி ஒயர் வழியாக உடம்புக்குப் போகணும். வேக்குவம் டப்பா இழுக்கும் ஒவ்வொரு தடவையும் அந்த ஒயர் மடங்கி நிமிர்கிறது. நாற்பது வருஷமாக.

என் வண்டியில் அது பார்க்க முழுசாக இருந்தது. துணி கறுத்து எண்ணெய் ஊறியிருந்தது, அவ்வளவுதான். குமுளியில் எனக்கு வேலை பார்க்கும் ஆசான் (மெக்கானிக்) மல்டிமீட்டரை ஓம்ஸில் வைத்து ஒரு முனையை மேல்பிளேட்டில், இன்னொன்றை டிஸ்ட்ரிபியூட்டர் உடம்பில் வைத்தார். 0.2. "நல்லாத்தானே இருக்கு" என்றேன். அவர் பேசாமல் வேக்குவம் குழாயின் முனையை வாயில் வைத்து உறிஞ்சினார். பிளேட் லேசாக நகர்ந்தது, மீட்டர் 40, 200 என்று ஓடி, தொடர்பே இல்லை என்று காட்டியது. விட்டார், மறுபடி 0.2. துணியைப் பிளேடால் கீறினால் உள்ளே செம்பு இழைகள் எல்லாம் ஒரே இடத்தில் ஒடிந்து, முனைகள் பச்சை பிடித்து, ஒன்றை ஒன்று தொட்டுக்கொண்டு மட்டும் இருந்தன.

பாயிண்ட் காலத்திலும் அந்த ஒயர் அப்படித்தான் இருந்திருக்கும். பிளேட்டின் ஸ்பிரிங், திருகு, உராயும் இடம் எல்லாம் சேர்ந்து எப்படியோ எர்த் கொடுத்துக்கொண்டிருக்கும். பாயிண்டுக்கு அது போதும். கிட்டின் உள்ளே இருப்பது ஹால் சென்சார், காந்தம் கடக்கும்போது மில்லிவோல்ட் கணக்கில் எழும் சிக்னலைப் பெரிதாக்கிப் பார்க்கிற சர்க்யூட். அதன் எர்த் ஆடினால் அதற்கு எது சிக்னல், எது ஆட்டம் என்று தெரியாது.

மாற்று ஒயருக்குச் சாதாரண வீட்டு ஒயரைப் போடாதீங்க, சீக்கிரமே ஒடியும். மல்டிமீட்டர் முனைகளுக்கு வருகிற, மெல்லிய இழைகள் நிறைந்த சிலிக்கான் ஒயர் நல்லது. இரு முனையிலும் லக் வைத்து, பிளேட் முழுதாக ஆடும் அளவுக்குத் தளர்வு விட்டு, ரோட்டர் அடியில் சிக்காதபடி மடக்கி வைக்கணும்.

மே 17

கம்பத்திலிருந்து ஒரு பெரியவர், லாரியும் அம்பாசிடரும் ஓட்டியவர்: "பாயிண்டு மாதிரி வராதுப்பா. உப்புத்தாள் வச்சு ரெண்டு இழுப்பு இழுத்தா வீடு போய்ச் சேர்ந்துடலாம். உங்க கிட்டு நின்னா நின்னதுதான்."

ஐயா, நீங்கள் சொல்வதில் பாதியை நான் கும்பிட்டு ஏற்கிறேன். நடுவழியில் கையால் சரிசெய்ய முடிந்தது பாயிண்ட்தான். கடைசியில் அதைப் பற்றியும் எழுதுகிறேன்.

மறுபாதி இது. நாலு சிலிண்டர் எஞ்சின் 3000 சுற்றில் ஓடினால் நிமிஷத்துக்கு 6000 ஸ்பார்க், நொடிக்கு 100. ஒவ்வொன்றுக்கும் பாயிண்ட் திறந்து மூடுகிறது, முகம் சுடுகிறது, கேமைத் தொடும் பைபர் தேய்கிறது. 0.015 இன்ச் இடைவெளி வைத்தால் பைபர் தேயத் தேய அது குறைகிறது, டைமிங் பின்னால் போகிறது. நல்ல பாயிண்டும் கண்டென்சரும் இன்று கையில் கிடைத்தால் நானும் அவ்வளவாகக் கவலைப்பட மாட்டேன். இன்று வருகிற பைபர் முனை எனக்கு வெண்ணெய் மாதிரி தேய்ந்தது, கண்டென்சர் புதுசிலேயே ஒழுகியது. 2014-லேயே அம்பாசிடர் உற்பத்தி நின்றுவிட்டது. கிட் போட என்னைத் தள்ளியது உதிரிப் பாகத்தின் தரம்தான், புதுமை மோகம் இல்லை.

மே 20

தம்பியின் அளவுகள் வந்திருக்கின்றன. பிளேட் எர்த் வேக்குவம் உறிஞ்சினாலும் 0.1-இலேயே நிற்கிறது. என் சந்தேகம் அதன் மேல்தான் இருந்தது. அளவு வேறு சொல்கிறது, அளவு சொல்வதைக் கேட்போம். காயிலின் பிரைமரி, அதாவது பிளஸ் முனைக்கும் மைனஸ் முனைக்கும் நடுவில், 1.6 ஓம்.

அங்கேதான் இருக்கிறது விஷயம்.

இந்த வண்டிக்கு வரவேண்டிய காயில் சுமார் 3 ஓம். 12 வோல்ட்டை 3 ஓமால் வகுத்தால் 4 ஆம்பியர். 1.6 ஓம் என்றால் ஏழரை ஆம்பியர், எஞ்சின் ஓடி 14 வோல்ட் வரும்போது இன்னும் மேலே. அந்தக் கரண்ட் முழுக்கக் கிட்டின் டிரான்சிஸ்டர் வழியாகத்தான் போகணும். 1.5 ஓம் வகைக் காயில்கள் கரண்டைக் குறைக்கும் பாலாஸ்ட் ரெசிஸ்டரோடு சேர்ந்து ஓடச் செய்யப்பட்டவை. என்றைக்கோ யாரோ கடையில் "12 வோல்ட் காயில் குடுங்க" என்று கேட்டு, பார்க்க ஒரே மாதிரி இருப்பதால் மாட்டியிருப்பார்கள். பாயிண்ட் இருந்தவரை பாயிண்ட் முகம் சீக்கிரம் சுட்டிருக்கும், அடிக்கடி மாற்றியிருப்பீர்கள். நினைவிருக்கிறதா?

சமவெளியில் ஓடி மலையில் மட்டும் நிற்பது ஏன் என்று கேட்டீர்கள். காயிலில் கரண்ட் ஒரேயடியாக ஏறாது, சில மில்லி செகண்ட் எடுத்து ஏறும். கம்பம் ரோட்டில் நாலாவது கியரில் வேகமாகப் போகும்போது கரண்ட் உச்சத்தில் தங்கும் நேரம் குறைவு. பானெட்டுக்குள் காற்றும் அடிக்கிறது. மலையில் முன்னால் ஜீப்பும் லாரியும் ஊர்ந்து போக, நீங்கள் இரண்டாவது கியரில் மெதுவாக இழுக்கிறீர்கள். ஒவ்வொரு ஸ்பார்க்குக்கும் முன்னால் கரண்ட் உச்சிக்குப் போய் அங்கேயே நிற்கிறது, காற்றோட்டமும் இல்லை. கிட் தாங்கும் சூட்டைத் தாண்டியதும் மூடிக்கொள்கிறது. ஆறினால் திறக்கிறது. உங்கள் கிட் இத்தனை தடவை நின்றும் சாகாமல் இருக்கிறதே, அது டூப்ளிகேட் இல்லை என்பதற்கு எனக்கு அதுவே சாட்சி.

காயிலை அளக்கும்போது வண்டி ஆறியிருக்கணும். செம்பு சூடானால் ஓம் ஏறும். 25 டிகிரியில் 3 ஓம் காட்டுவது 85 டிகிரியில் 3.7 காட்டும். இரண்டு முனையிலும் ஒயரைக் கழற்றிவிட்டு அளங்க. மீட்டரின் இரு முனையையும் ஒன்றோடொன்று தொட்டால் வருகிற 0.2, 0.3-ஐக் கழித்துக்கொள்ளணும்.

மே 21

"காயில் மாத்தாம பாலாஸ்ட் ரெசிஸ்டர் போட்டா போதாதா?" போதும், மின் கணக்கு ஒத்துவரும். ஆனால் சிவப்பு ஒயரைக் கவனிக்கணும். பாலாஸ்ட் காயிலுக்கு மட்டும். கிட்டின் சிவப்பு ஒயர் பாலாஸ்டுக்கு முன்னாலேயே, முழு 12 வோல்ட் இருக்கும் இடத்தில் பிரிந்து வரணும். பாலாஸ்டுக்குப் பின்னால், காயில் பிளஸிலேயே மாட்டினால் கிட் பட்டினி கிடக்கும். செல்ப் அடிக்கும்போது பேட்டரியே 10 வோல்ட்டுக்கு இறங்கும், அதில் பாலாஸ்ட் தின்றது போக மிச்சத்தில் ஹால் சென்சார் விழிக்காது. தள்ளினால் ஸ்டார்ட் ஆகும், செல்ப்பில் ஆகாது என்று வருகிற வண்டிகளில் நான் முதலில் பார்ப்பது இதைத்தான்.

என் விருப்பம் 3 ஓம் காயில். பாகம் குறைவு, கழன்று விழ இன்னொரு லக் இல்லை.

மே 22

கண்டென்சரைக் கழற்றணுமா என்று மூன்று பேர். டிஸ்ட்ரிபியூட்டர் கண்டென்சரைக் கழற்றணும், கிட்டுக்கு அது வேண்டாம். ரேடியோ இரைச்சலுக்காகக் காயில் பிளஸில் ஒன்று மாட்டியிருந்தால் அது இருக்கட்டும்.

வெறும் செம்புக் கம்பி பிளக் ஒயர் வைத்திருப்பவர்கள் கார்பன் ஒயருக்கு மாறிவிடுங்க. செம்பு ஒயர் பரப்பும் இரைச்சல் ரேடியோவை மட்டும் தொந்தரவு செய்யாது, கிட்டையும் குழப்பும்.

மே 26

3 ஓம் காயில் மாட்டியாச்சு, குமுளிக்கு நிற்காமல் ஏறியாச்சு என்று தம்பியின் செய்தி. மனசு நிறைந்தது. ஆனால் உச்சியில் லேசாக மிஸ்ஸிங் இருந்ததாம். அதை விடக்கூடாது.

காயிலின் கரண்ட் ஓடும்போது வழியில் எவ்வளவு வோல்ட் காணாமல் போகிறது என்று பாருங்க. லேம்ப் எரிந்தால் வோல்ட் இருக்கிறது என்று அர்த்தமில்லை, 9 வோல்ட்டிலும் லேம்ப் எரியும். கிட்டின் கறுப்பு ஒயரைக் காயிலிலிருந்து கழற்றி ஒதுக்குங்க. காயிலின் நடு ஒயரை, அதாவது டிஸ்ட்ரிபியூட்டர் கேப்புக்குப் போவதை, எடுத்துப் பிளாக்கில் சாய்த்து வைங்க. சாவியை ஆன் செய்து காயில் மைனஸை ஒரு ஒயரால் சில நொடி எர்த் செய்துகொண்டே, மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரி பிளஸிலும் மறு முனையைக் காயில் பிளஸிலும் வைத்துப் படிங்க. அரை வோல்ட்டுக்குள் இருந்தால் நிம்மதி. ஒயரை எடுக்கும்போது ஸ்பார்க் அடிக்கும், கையைத் தள்ளி வைத்துக்கொள்ளுங்க.

மே 28

1.9 வோல்ட்! தம்பி, மிச்ச மிஸ்ஸிங் இதுதான்.

சாவி சுவிட்சின் உள்முகம் கறுத்திருக்கும். அதோடு டேஷ்போர்டு அடியில் புல்லட் கனெக்டர்கள். எங்கள் பக்கம், வண்டிப்பெரியாறு, பீருமேடு ஈரத்தில் வளர்ந்த வண்டிகளில் அந்தக் கனெக்டரைப் பிரித்தால் உள்ளே பச்சை மாவு கொட்டும். சுவிட்சை மாற்றலாம், நல்லது கிடைத்தால். நான் செய்தது ரிலே, சின்னக் கரண்டால் பெரிய கரண்டைத் திறந்து மூடும் சுவிட்ச். பேட்டரியிலிருந்து ஃபியூஸ் வழியாக ரிலேயின் 30 என்று எண் போட்ட முனைக்கு, 87-இலிருந்து காயில் பிளஸுக்கும் கிட்டின் சிவப்புக்கும். பழைய இக்னிஷன் ஒயர் 86-இல், 85 எர்த். இனி சாவி சுவிட்ச் ரிலேயை எழுப்பினால் போதும், காயில் கரண்டைச் சுமக்க வேண்டியதில்லை. ரிலேயை எஞ்சின் சூடு படாத இடத்தில், ஒயர்கள் கீழ்நோக்கி இருக்கும்படி மாட்டுங்க, தண்ணீர் உள்ளே வழியாது.

ஜூன் 2

மிஸ்ஸிங் போய், இப்போது ஏற்றத்தில் மூன்றாவது கியரில் "டிக் டிக்" என்று தட்டுகிறதாம். டைமிங் முன்னால் போயிருக்கிறது. பாயிண்ட் திறக்கும் இடமும் ஹால் சென்சார் தட்டும் இடமும் ஒன்றல்ல. டிஸ்ட்ரிபியூட்டரைத் தொடாமல் கிட்டை மாட்டினாலும் டைமிங் மாறிவிடும். லேம்ப் வைத்துப் பாயிண்ட் திறப்பதைப் பார்க்கும் பழைய முறை இதற்கு ஒத்துவராது, டைமிங் லைட் வேணும். வேக்குவம் குழாயைக் கழற்றி வாயை அடைத்து, ஐடிலில், கிராங்க் புல்லியின் வெட்டையும் டைமிங் கவரின் பல்லையும் பாருங்க. வெட்டில் சாக்பீஸ் தேய்த்துக்கொண்டால் கண்ணுக்குத் தெரியும். இந்த எஞ்சினில் ரோட்டர் இடஞ்சுழியாக (கடிகார முள்ளுக்கு எதிராக) சுற்றுகிறது, ஃபயரிங் ஆர்டர் 1-3-4-2. தட்டல் குறைய டைமிங்கைப் பின்னுக்குத் தள்ளணும், அதற்கு உடம்பை ரோட்டர் சுற்றும் திசையிலேயே, இடஞ்சுழியாகத் திருப்பணும். மயிரிழை திருப்பினால் போதும்.

அப்படியே எஞ்சினை மெல்ல வேகம் ஏற்றி வெட்டு சீராக முன்னால் நகர்கிறதா என்று பாருங்க. குதித்தால் உள்ளே, வேகத்துக்கு ஏற்ப டைமிங்கை முன்னே தள்ளும் எடைக்கல்லின் ஸ்பிரிங் தளர்ந்திருக்கிறது. அதை எந்தக் கிட்டும் சரி செய்யாது.

ஜூன் 9

மழை இறங்கிவிட்டது. இங்கே குமுளியில் மூன்று நாளாக வெயில் முகமே தெரியவில்லை, அதே நேரம் கூடலூரில் புழுதி பறக்கிறது என்கிறார் தம்பி. காலையில் என் வண்டி செல்ப் அடித்தும் பிடிக்கவில்லை. கிட்டைத் தொடவே இல்லை. கேப்பை எடுத்து ஒரு துண்டால் உள்ளும் புறமும் துடைத்தேன், ஒரே அடியில் பிடித்தது. இருட்டில் பானெட்டைத் திறந்து எஞ்சின் ஓடும்போது பாருங்க, கேப்பின் மேலே நீலப் பொறி ஊர்ந்தால் கேப் மாற்றும் காலம் வந்துவிட்டது. உள்ளே பென்சில் கோடு மாதிரி கறுப்புக் கோடு ஒரு முனையிலிருந்து இன்னொன்றுக்கு ஓடினாலும் அதேதான், சுரண்டி ஓட்டாதீங்க.

ரோட்டரையும் பார்த்து வாங்குங்க. நடுவில் ரிவெட் அடித்த மட்டமான ரோட்டரில் ஸ்பார்க் ரிவெட் வழியாகக் கீழே ஷாஃப்டுக்கே இறங்கிவிடும், அப்போதும் எல்லாரும் கிட்டைத்தான் திட்டுவார்கள்.

ஜூன் 10

பெட்ரோல் ஆவியாவது பற்றி மறுபடி கேட்டிருக்கிறார்கள். இப்போது பங்கில் வருவது 20 சதவீத எத்தனால் கலந்தது. ஏசி பம்பின் பழைய டயாப்ரமும் ரப்பர் ஹோஸும் அதற்காகச் செய்யப்பட்டவை இல்லை. ஹோஸை மாற்றுங்க, எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டை ஒட்டி ஓடும் குழாயைத் தள்ளிக் கட்டுங்க. இதற்கு மேல் இங்கே வேண்டாம், இது வேறு பெரிய கதை.

ஜூன் 16

கம்பத்துப் பெரியவருக்குச் சொன்ன வாக்கு. கிட் போட்ட வண்டியில் நடுவழியில் கைவசம் என்ன இருக்கணும்?

என் டிக்கியில் இன்னொரு பழைய டிஸ்ட்ரிபியூட்டரின் மேல்பிளேட் முழுசாக இருக்கிறது. பாயிண்ட் மாட்டி, 0.015-க்கு வைத்து, கண்டென்சரும் மாட்டி, பிளாஸ்டிக் டப்பாவில். கூடவே இடைவெளி அளக்க ஃபீலர் கேஜ், குட்டி ஸ்க்ரூ டிரைவர், 5 வாட் லேம்ப். கிட் நிஜமாகவே செத்தால் பிளேட்டை மாற்றி, காந்த வளையத்தைக் கேமிலிருந்து உருவி, ரோட்டரைத் திரும்ப மாட்டினால் வீடு வரலாம். டைமிங் கொஞ்சம் தள்ளியிருக்கும், மெதுவாக ஓட்டணும். காயில் 3 ஓமாக இருப்பதால் பாயிண்டுக்கும் அது பொருந்தும். ஐயப்ப சீசனில் கம்பம்மெட்டு வழியாக ஏறச் சொல்லி ஒற்றைவழி விடும்போது, பின்னால் நிற்கிற வண்டிகளை வைத்துக்கொண்டு மல்டிமீட்டரோடு ஆராய்ச்சி செய்ய முடியாது.

தம்பி, உங்கள் பழைய பிளேட் எங்கே? ஆக்கர்க்காரரிடம் (பழைய இரும்பு வாங்குபவர்) போட்டிருந்தால் நாளைக்கே போய்த் திரும்ப வாங்குங்க. அந்த 1.6 ஓம் காயிலின் மேல் மார்க்கரால் எழுதித் தனியாக வைங்க, இன்னொரு அம்பாசிடரில் போய் ஏறிவிடக் கூடாது.

ஜூன் 17

பிளேட் கிடைத்துவிட்டதாம், பாயிண்ட் மட்டும் இல்லையாம். என்னிடம் பழைய கையிருப்பில் ஒரு ஜோடி இருக்கிறது, நல்ல பைபர். குமுளி ஏறும்போது வாங்கிக்கொள்ளுங்க. அப்படியே டைமிங் லைட்டையும் போட்டுப் பார்த்துவிடுவோம்.